மீண்டும் ஒரு கட்டி தட்டுப்பட்டால்...

குளிக்கும்போது, ரவிக்கைக் கொக்கியைப் போடும்போது, எம்ஆர்டியில் கைப்பிடியைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போது, விரல் தற்செயலாக அங்கே படும். பட்டாணி அளவில் ஏதோ ஒன்று. நேற்று இருந்ததா? மறுபக்கமும் இதுபோல இருக்கிறதா? மறுபடியும் தொட்டுப் பார்க்கத் தோன்றும். தொட்டால், முன்பைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதுபோல் தெரியும்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிரியக்கம் எல்லாம் முடிந்து, வேலைக்கும் திரும்பி, உதிர்ந்த முடியும் வளர்ந்து, இப்படி ஒன்று நடந்ததையே உறவினர்கள் மறந்துவிட்ட ஒரு நாளில் இது நேரும். முதல் முறை கட்டி தட்டுப்பட்டபோது பலருக்கு அதன் பொருள் முழுதாகத் தெரியாது. இப்போது தெரியும். கீமோ அறையின் வாடை, ஊசிக்கு நரம்பு கிடைக்காமல் தாதி தேடியது, வாயில் எதை வைத்தாலும் இரும்புபோல் ருசித்தது எல்லாம் உடம்பு மறக்கவில்லை. அதனால்தான் இரண்டாவது பயம் முதலாவதைவிட வேகமாக வந்து சேர்கிறது.

சிங்கப்பூர்ப் பெண்களிடையே ஆக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். சிகிச்சைக்குப்பின் பல்லாண்டுகள் நலமாக வாழ்வோரும் நம்மிடையே ஏராளம். பரிசோதனைக்குப் போங்கள் என்று நினைவூட்ட அக்டோபர் மாதம் முழுக்க இளஞ்சிவப்பு நாடா இருக்கிறது. சிகிச்சை முடிந்த மூன்றாவது ஆண்டில், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு தட்டுப்படும் கட்டியை என்ன செய்வது என்று சொல்வதற்கு எந்த மாதமும் இல்லை.

அது என்னவாக இருக்கலாம்?

சிகிச்சை பெற்ற உடம்பு பழைய உடம்பு அல்ல. வெட்டித் தைக்கப்பட்ட இடமும் கதிர்பட்ட இடமும் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றங்களில் பல, விரலுக்குக் கட்டியாகவே தெரியும்.

இவற்றில் மிகவும் பயமுறுத்துவது கொழுப்புத் திசு சிதைவு. அறுவை சிகிச்சையாலோ கதிரியக்கத்தாலோ ரத்த ஓட்டம் குறைந்த கொழுப்பு அப்படியே மடிந்து இறுகிவிடும். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் வரலாம், சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். கல்போல் கெட்டியாக இருக்கும், மேல்தோலைக்கூட உள்ளே இழுக்கும். ஸ்கேனிலும் சில நேரம் புற்றைப் போலவே தோன்றி மருத்துவரையே யோசிக்க வைக்கும். ஆனால் அது புற்று அல்ல, புற்றாக மாறுவதும் இல்லை.

அறுவை சிகிச்சை செய்த இடத்தில் நீர் கோத்து மெத்தென்று புடைக்கலாம். தழும்புக்கு அடியில் திசு தடித்துப்போகலாம். தையல் நூலைச் சுற்றி உடம்பே சிறு முடிச்சு ஒன்றைக் கட்டிவிடும். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கு, அறுவை சிகிச்சைக்கு அடுத்த சில வாரங்களில் அக்குளிலிருந்து கைவரை வீணைத் தந்தி இழுத்துக் கட்டியதுபோல் ஒரு கயிறு தட்டுப்படுவதுண்டு. உடற்பயிற்சியால் பெரும்பாலும் சில மாதங்களில் அது தளர்ந்துவிடும். மார்பகத்தை முழுதாக எடுத்தவர்களில் சிலர் தங்கள் விலா எலும்பின் முனையையே புதிய கட்டி என்று நினைத்துப் பதறியிருக்கிறார்கள். அந்த எலும்பு எப்போதும் அங்கேதான் இருந்தது. அதை மூடியிருந்த சதை போனபின்தான் கைக்குப் படுகிறது.

கழுத்திலும் அக்குளிலும் வரும் வீக்கத்துக்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு. தொண்டை வலி, சொத்தைப் பல், கையில் பட்ட காயம், தடுப்பூசி. கொவிட்-19 தடுப்பூசி போட்ட பிறகு பல பெண்களுக்கு ஊசி போட்ட பக்க அக்குளில் கணுக்கள் வீங்கின. மேமோகிராமில் அவை தெரிந்ததால், எந்தக் கையில், எந்தத் தேதியில் ஊசி போட்டீர்கள் என்று கேட்பதே 2021ல் ஊடுகதிர்ப் பிரிவுகளில் வழக்கமானது.

இவ்வளவையும் படித்தபின் 'அப்படியென்றால் என்னுடையதும் கொழுப்புதான்' என்று முடிவுகட்டத் தோன்றும். இங்கேதான் கவனம் தேவை. எது கொழுப்பு, எது தழும்பு, எது புற்று என்று விரலால் சொல்ல முடியாது. அனுபவமுள்ள அறுவை சிகிச்சை நிபுணரே தொட்டுப் பார்த்ததோடு நிறுத்தாமல் ஸ்கேனுக்கு அனுப்புகிறார். வலிக்கவில்லை என்பதும் வலிக்கிறது என்பதும் உறுதியான அடையாளங்கள் அல்ல.

'ஐந்து ஆண்டு தாண்டிவிட்டேன், இனி வராது' என்ற நம்பிக்கையும் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. ஹார்மோனுடன் தொடர்புடைய வகை மார்பகப் புற்றுநோய்க்கு அது பொருந்தாது. அவ்வகை நோயுடன் ஐந்தாண்டு ஹார்மோன் சிகிச்சையை முடித்த 62,923 பெண்களின் தகவல்களை ஆராய்ந்து, 2017ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஐந்தாம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டுவரை நோய் திரும்பும் வாய்ப்பு சீராகத் தொடர்கிறது என்பது அதன் முடிவு. முதலில் கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது, எத்தனை கணுக்களுக்குப் பரவியிருந்தது என்பதைப் பொறுத்து அந்த வாய்ப்பு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். ஆகவே பத்தாண்டு கழித்துத் தட்டுப்படும் கட்டியையும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

'தீபாவளி முடியட்டும்'

நம் வீடுகளில் கட்டியைவிட ஆபத்தானது ஒன்று உண்டென்றால் அது இந்தச் சொல்தான். தீபாவளி முடியட்டும். மகள் கல்யாணம் முடியட்டும். பையனுக்கு இந்த ஆண்டு பிஎஸ்எல்இ, அது முடியட்டும். தன் உடம்பைக் கடைசியில் வைத்துப் பழகிய பெண்கள், மற்றவர் மனம் நோகக்கூடாது என்று இந்த ரகசியத்தையும் சுமக்கிறார்கள். பூ வைத்து, பட்டுடுத்தி, வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் தொட்டுப் பார்க்கிறார்கள். அப்படித் தள்ளிப்போடும் வாரங்களில் அவர்கள் தப்பிப்பது மருத்துவமனையிலிருந்து மட்டும்தான். பயத்திலிருந்து ஒருநாள்கூடத் தப்பியிருக்க மாட்டார்கள்.

தட்டுப்பட்ட மறுநாளே செய்யக்கூடியது ஒரு தொலைபேசி அழைப்பு. சிகிச்சை முடிந்தவர்களுக்குப் பொதுவாக முதல் மூன்று ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் மருத்துவரைப் பார்க்கும் முறை இருக்கும். 'எப்படியும் மார்ச்சில் போகிறேனே' என்று அதுவரை காத்திருக்க வேண்டாம். புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் முன்கூட்டியே வரலாம் என்பதும் அந்த ஏற்பாட்டில் அடங்கும்.

அழைக்கும்போது 'ஒரு சந்தேகம் கேட்கணும்' என்று தயங்கித் தொடங்கினால், எதிர்முனையில் இருப்பவர் அடுத்த காலியிடத்தைத்தான் தருவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நான் இந்த டாக்டரிடம் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவள். இந்த ஆண்டில் முடிந்தது. இப்போது இடது அக்குளில் புதிதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது. நான்கு நாளாக இருக்கிறது. அடுத்த சந்திப்பு மார்ச்சில்தான். முன்னதாகப் பார்க்க வேண்டும்." மார்பகப் பராமரிப்புத் தாதியின் எண் உங்களிடம் இருந்தால் அவரையே அழைக்கலாம். பல ஆண்டுகள் கடந்து, பழைய மருத்துவமனையுடன் தொடர்பு விட்டுப்போயிருந்தால், பலதுறை மருந்தகமோ குடும்ப மருத்துவரோ பரிந்துரைக் கடிதம் தருவார்கள். அங்கேயும் 'முன்பு புற்றுநோய் இருந்தது' என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒரு தாளில் நான்கு விவரம் போதும்: எந்தத் தேதியில் தட்டுப்பட்டது, எந்த இடம், எவ்வளவு பெரிது, அண்மையில் காய்ச்சலோ தடுப்பூசியோ உண்டா. தோலில் சிவப்பு, குழிவு, காம்பில் கசிவு, விடாத எலும்பு வலி, மூச்சிறைப்பு, காரணமில்லாமல் எடை குறைதல் இருந்தால் அதையும் எழுதுங்கள். எழுதிய பிறகு கையை எடுத்துவிடுங்கள். ஒருநாளில் இருபது முறை அமுக்கினால் எந்தச் சதையும் வலிக்கும், வீங்கும். 'வளர்ந்துவிட்டது' என்று நீங்கள் நினைப்பது உங்கள் விரல் செய்த வேலையாகவும் இருக்கலாம்.

தமோக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளை 'இது வேலை செய்யவில்லை போலிருக்கிறது' என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

ஊசியும் ஸ்கேனும்

மருத்துவர் முதலில் தொட்டுப் பார்ப்பார். பிறகு மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ. அவற்றில் தெளிவு கிடைக்காவிட்டால் ஊசிமூலம் திசு எடுப்பார்கள். மரத்துப்போகும் மருந்து கொடுத்துச் செய்வதால் அழுத்தம்தான் அதிகம் தெரியும். பிறகு சில நாட்களுக்கு அந்த இடம் கன்றிப்போயிருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

"ஊசி குத்தினா பரவிடும்" என்று யாராவது ஒரு பெரியம்மா சொல்வார். அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் ஊசிப் பாதையில் உயிரணுக்கள் தங்கி நோய் வளர்வது மிக அரிது. ஊசிப் பரிசோதனை செய்துகொண்டதால் பெண்களின் ஆயுள் குறைந்ததாகச் சான்று இல்லை. ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடுவதில்தான் இழப்பு. நோய் திரும்பியிருப்பது ஸ்கேனிலேயே தெரிகிற மாதிரி இருந்தாலும் திசு எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திரும்பி வரும் புற்றின் ஹார்மோன் தன்மையும் ஹெர்2 தன்மையும் முதலில் இருந்ததிலிருந்து மாறியிருக்கலாம். எந்த மருந்து என்று முடிவெடுக்க அந்தத் தகவல் வேண்டும்.

பணம் கட்டி ரத்தத்தில் 'கேன்சர் மார்க்கர்' பார்த்துவிட்டால் நிம்மதி என்று நினைப்போர் உண்டு. சிஏ 15-3 போன்ற அந்த அளவுகள் புற்று இல்லாதபோதும் உயரும், புற்று இருக்கும்போதும் சாதாரணமாக இருக்கும். கையில் தட்டுப்படும் ஒரு கட்டி என்னவென்று அவற்றால் சொல்ல முடியாது. அந்தப் பணத்தில் குடும்பத்தோடு ஒருநாள் வெளியே சாப்பிட்டுவிட்டு வரலாம் என்பது என் கருத்து.

காத்திருக்கும் நாட்கள்

ஸ்கேனுக்கும் முடிவுக்கும் இடையில் ஊசலாடும் இந்தப் பதற்றத்துக்கு, ஸ்கேனையும் ஆங்சைட்டியையும் சேர்த்து 'ஸ்கேன்சைட்டி' என்று ஆங்கிலத்தில் பெயரே வைத்துவிட்டார்கள். எலும்புப் புற்றுநோயிலிருந்து மீண்ட அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஃபைலர் 2011ல் டைம் இதழில் இதைப் பற்றி எழுதினார். தமிழில் இதற்கு ஒரு சொல் இல்லை. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்றால் எல்லாருக்கும் புரியும்.

திசுப் பரிசோதனை முடிவு வரச் சில நாட்களிலிருந்து ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். பகலில் வேலை காப்பாற்றும். இரவுதான் சிரமம். இரண்டு மணிக்குக் கைப்பேசியை எடுத்து 'அக்குளில் கட்டி' என்று தேடினால், தேடுகிற எவருக்கும் ஆறுதலான பக்கம் முதலில் வராது. ஹெல்த்ஹப் செயலியில் முடிவு வந்துவிட்டதா என்று மணிக்கொரு முறை பார்ப்பதும் அப்படித்தான். மருத்துவர் விளக்காமல், தனியாக, நள்ளிரவில் படிக்க ஏற்ற அறிக்கை எதுவும் இல்லை. முடிவை நேரில் சொல்வார்களா, தொலைபேசியில் சொல்வார்களா, எந்தத் தேதியில் என்று ஊசி போட்ட அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். தேதி தெரிந்தால், மனம் ஒவ்வொரு நாளையும் முடிவு நாளாக நினைத்து நடுங்காது.

கவலைப்படாதே என்று மனதுக்குக் கட்டளையிட்டால் அது கேட்காது. நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் ஓரளவு கேட்கும். மாலை ஆறிலிருந்து ஆறரைவரை கவலைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரைமணி நேரம் அழலாம், மோசமானதை நினைக்கலாம், டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதலாம். மற்ற நேரத்தில் அந்த எண்ணம் வந்தால் 'ஆறு மணிக்கு வா' என்று அனுப்பிவிட வேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டுபோல் தோன்றும். மனநல ஆலோசகர்கள் நெடுங்காலமாகச் சொல்லித்தரும் முறைதான் இது.

நோய் திரும்புமோ என்ற பயத்தைக் கையாள ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 'கான்கர்ஃபியர்' என்ற ஐந்து அமர்வுப் பயிற்சியை உருவாக்கினார்கள். 222 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவுகள் 2017ல் வெளிவந்தன. வெறுமனே உடலைத் தளர்த்தும் பயிற்சி பெற்றவர்களைவிட இவர்களின் பயம் அதிகமாகக் குறைந்தது. அதன் ஒரு பகுதி, கவனத்தை விரும்பிய இடத்துக்கு நகர்த்தப் பழகுவது. வீவக வீட்டில் இதற்கு வசதிக்குக் குறைவில்லை. காற்றாடியின் சத்தம், கீழே விளையாட்டுத் திடலில் பிள்ளைகளின் கூச்சல், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தூரத்தில் பேருந்து. ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றிப் பாருங்கள். பயம் போய்விடும் என்பதற்காக இதைச் செய்வதில்லை. கவனம் பயத்தின் பிடியில் மட்டும் இல்லை என்று மனதுக்குக் காட்டுவதற்காகத்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"ஒன்னும் இருக்காது. சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காதம்மா." நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டு, உங்களுக்காகச் சிரித்துவிட்டு, தனியாகப் பயப்படப் போய்விடுவார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. எந்தத் தேதி அப்பாயின்ட்மென்ட்? நான் லீவு போட்டுட்டு வர்றேன்" என்று கணவர் சொன்னால் அது வேறு. தேதியைக் கேட்பதும் விடுப்பு எடுப்பதும் எந்த ஆறுதல் சொல்லையும்விடப் பெரியவை.

ஆங்கிலம் அதிகம் தெரியாத அம்மாவுடன் மருத்துவமனைக்குப் போகும் மகனோ மகளோ மொழிபெயர்ப்பாளராகவும் ஆகிறார். டாக்டர் நாலு வாக்கியம் சொல்வார், அம்மாவின் காதுக்கு ஒரு வாக்கியம் வந்து சேரும்: "ஒன்னுமில்லம்மா, இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம்." அம்மாவுக்கு டாக்டரின் முகம் தெரிகிறது, பிள்ளையின் முகமும் தெரிகிறது. மறைக்கப்படுவது என்னவென்றுதான் தெரியாது. அதைவிடக் கொடுமையான காத்திருப்பு இல்லை. மொழிபெயர்ப்பது உங்களுக்கே பாரமாக இருந்தால், தமிழ் பேசும் தாதியோ ஊழியரோ இருக்கிறாரா என்று சந்திப்புக்கு முன்பே கேளுங்கள். அம்மாவுக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அம்மாவிடமே கேட்கலாம். பல அம்மாக்கள் பிள்ளைகள் நினைப்பதைவிடத் திடமானவர்கள்.

முடிவு வந்தபின்

புற்று இல்லை என்று வந்தால் குடும்பம் அன்றே கோயிலுக்குப் போய் வந்துவிடும். கட்டி தட்டுப்பட்டவருக்கோ அன்றிரவும் தூக்கம் வராமல் போகலாம். அது நன்றியின்மை இல்லை. வாரக்கணக்கில் விறைத்திருந்த உடம்பு தளர நேரம் எடுக்கிறது. மாதங்கள் கடந்தும் பயம் வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால், அல்லது அதற்குப் பயந்து மேமோகிராமுக்கே போகாமல் இருந்தால், உதவி கேட்க வேண்டிய நேரம் அது.

நோய் திரும்பியிருக்கிறது என்று வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எங்கே?' என்பது. அதே மார்பகத்திலோ தழும்பின் அருகிலோ மட்டும் திரும்பியிருந்தால் மீண்டும் குணப்படுத்தும் நோக்கத்துடனேயே சிகிச்சை செய்யும் வாய்ப்பு பலருக்கு உண்டு. வேறு உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் முழுதாகக் குணப்படுத்துவது பெரும்பாலும் இயலாது. நோயைக் கட்டுக்குள் வைத்து நல்லபடியாக வாழ்வதே அப்போது சிகிச்சையின் நோக்கம். அதற்கான மருந்துகள் பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இன்று அதிகம். முதல் சந்திப்பில் சொல்வது பாதிதான் காதில் விழும். உடன் ஒருவர் இருக்கட்டும், எழுதிக்கொள்ளட்டும். செலவு பற்றிய கவலையை மருத்துவச் சமூக சேவையாளரிடம் அன்றே பேசலாம்.

தேசியப் புற்றுநோய் நிலையத்தில் நோயாளிகளுக்கு மனநல ஆதரவு வழங்கும் சேவை இருக்கிறது. பரிந்துரைக்கும்படி உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். 1964ல் தொடங்கிய சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கமும் மார்பகப் புற்றுநோய் அறநிறுவனமும் ஆதரவுக் குழுக்கள் நடத்துகின்றன. இதே இரவுகளைக் கடந்து வந்த பெண்களை அங்கே சந்திக்கலாம். இரவில் பேச யாருமில்லாமல் மனம் தாங்காதபோது 24 மணி நேரமும் 1771 என்ற எண்ணை அழைக்கலாம்.

கட்டி சாதாரணமானது என்று தெரிந்தவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: இது எந்த இடம், எவ்வளவு பெரிது, இனி இது எப்படி மாறினால் நான் திரும்பி வர வேண்டும்? பதிலைத் தேதி போட்டு அந்தத் தாளிலேயே எழுதி, மருந்துப் பெட்டியில் வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் குளிக்கும்போது அதே இடம் மறுபடி தட்டுப்படும். அது பழையதா புதியதா என்று அந்தத் தாளைப் பார்த்து ஒப்பிடலாம்.